மொரியாமா சாரின் கால்கள்

ருவைஸ்,
16.11.2007, வெள்ளி

அன்பு மகன் ஜிபினுக்கு அப்பா எழுதுவது.

மாதா தயவில் இங்கே கல்ஃபில் உடம்புக்கு ஒன்றுமில்லை. வயிறு மட்டும் எனக்கு முன்னால் டூட்டிக்குப் போய்ச் சேருகிறது. நீயும் அம்மாவும் லிஜியும் சுகம்தானே? போனில் நீ ‘ம்’ தவிர வேறு சொல்வதில்லை. நான் கத்துகிறேன், கார்டு தீர்ந்துவிடுகிறது. அதனால்தான் காகிதம் எடுத்தேன். நம் பெர்சி நாளைக்கு ஊருக்கு வருகிறான். அவன் கையில் இதையும் ஒரு பார்சலையும் கொடுத்துவிடுகிறேன். படித்து முடித்த பிறகு பார்சலைப் பிரி.

போன வாரம் நான் கத்தியது ஞாபகம் இருக்கும். விளையாட்டுக் கோட்டாவில் சென்னையில் அரசாங்க வேலை வீடு தேடி வந்திருக்கிறது. பகலில் ஆபீஸ், சாயங்காலம் ஆபீஸ் டீமுக்கு ஃபுட்பால். அதை விட்டுவிட்டு, ஒரு வருஷ ஒப்பந்தம் தருகிறார்கள் என்று கோவா கிளப்புக்குப் போகிறேன் என்கிறாயே, கால் முட்டு உடைந்தால் யார் பார்ப்பது என்று கேட்டேன். நீ ‘ம்’ என்றாய். அதில் சம்மதம் இருந்ததா என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவனுக்குப் பிடிபடவில்லை.

என் பேச்சை நீ மதிக்கமாட்டாய் என்பது தெரியும். ஊர் டீமில் பந்தை மறிக்கிற பேக் ஆடியவன் நான். என்னைத் தாண்டிப் போகாத பந்து கிடையாது. ஆகவே நல்ல சாட்சியாகத் தேடினேன். எங்கள் பிளாண்டில் மொரியாமா என்று ஒரு ஜப்பான் இன்ஜினீயர் இருக்கிறார். இளவயதில் கம்பெனி டீமில் ஆடியவர். அப்போது ஜப்பானில் பெரிய டீம் எல்லாம் கம்பெனி டீம்தானாம். காலையில் வேலை, மத்தியானம் பந்து. பார்க்க வருகிறவர்கள் கம்பெனி ஆட்களும் காக்கைகளும் என்று சிரித்தார். தொண்ணூற்று மூன்றில் தொழில்முறை லீக் தொடங்கினார்கள். டீமுக்கு ஊர்ப் பெயர் வைத்தார்கள். சாரைக் கூப்பிட்டு, வேலையை விட்டு முழுநேரம் ஆட வருகிறாயா, ஆபீஸ் நாற்காலியே போதுமா என்று கேட்டார்களாம். சார் நாற்காலி போதும் என்றவர்.

எனக்கு லாட்டரி அடித்த மாதிரி ஆகிவிட்டது. செய்தது சரிதானா சார் என்று கேட்டேன். எனக்கும் அவருக்கும் இங்கிலீஷ் ஒரே அளவு, அதனால் நன்றாகப் புரியும். ‘வெரி கரெக்ட், நேசையன்-சான்’ (சான் என்றால் அவர்கள் ஊரில் சார் மாதிரி) என்று தலை குனிந்து சொன்னார். கூட ஆடிய ஒருவன் லீக்குக்குப் போய், இரண்டாம் வருஷமே கால் போய், இப்போது நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறானாம். கேம்ப் முழுக்க இதைச் சொல்லித் தீர்த்தேன். அன்றைக்கே செய்கு அலாவுதீன் கடையில், நீ ஆபீஸ் போக ஒரு கறுப்பு லெதர் ஷூவும் வாங்கிவிட்டேன்.

முந்தாநாள் ஆசிய கிளப் இறுதியாட்டம். உராவா என்ற ஜப்பான் கிளப் ஈரான் கிளப்பை இரண்டு கோலில் ஜெயித்தது. ஆட்டம் மத்தியானமே முடிந்துவிட்டது. முடிவை எனக்குச் சொன்னதே சார்தான். சாயங்காலம் மெஸ் டிவியில் திரும்பப் போட்டபோது அவரையும் அழைத்து வந்தேன். பெர்சி என்னைப் பார்த்து, ‘என்ன மாமா, சாட்சியக் கையோட கூட்டிட்டு வந்திட்டியளா?’ என்று கிண்டல் பண்ணினான். அந்தக் காக்கைகளுக்கு முன்னால் சார் எதிர்த்து ஆடிய கம்பெனி டீம்தான் இன்றைக்கு உராவா. டிவியில் ஸ்டேடியம் முழுக்கச் சிவப்புச் சட்டை, ஒரே பாட்டு. சார் மீட்டிங்கில் இருப்பதுபோல் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எனக்குத் திருப்தி.

அப்போது என் பரோட்டாவில் பாதி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். (எடுத்துத் தின்றதை அம்மாவிடம் சொல்லாதே.) மேசைக்கு அடியில் சாருடைய சேஃப்டி ஷூ இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. டிவியில் பந்து இடது பக்கம் போனால் இவருடைய இடது கால் வாங்கியது. எவனாவது மறிக்க வந்தால் பின்னால் இழுத்தது. திருப்பியது, தள்ளியது. நான் பரோட்டாவை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கோல் விழுவதற்கு ஒரு நொடி முன்னால் அவர் வலது கால் மேசைக் காலில் ஓங்கி ஒரு அடி அடித்தது. மேலே டீ எல்லாம் கொட்டிவிட்டது.

‘மாமா, மேசைய ஆட்டாதிய, கண்ணு தெரியல்லியா?’ என்று பெர்சி என்னைத்தான் ஏசினான். நான் மேலே வந்து சாரைப் பார்த்தேன். சார் டிவியைப் பார்த்தார். நான்தான் ஆட்டினேன் என்று ஒத்துக்கொண்டேன்.

நேற்று ஷூவைத் தூக்கிக்கொண்டு திரும்பக் கடைக்குப் போனேன். அதைக் கொடுத்து, பதிலுக்கு நான் எடுத்த ஜோடியைப் பார்த்ததும் செய்கு அலாவுதீன், ‘ஏண்ணே, பையன் டூட்டியில சேருறதுக்கு முன்னாடியே ரிட்டயர் ஆயிட்டானா?’ என்றான். நான் ‘ம்’ என்றேன்.

முட்டு உடைந்தால் யார் பார்ப்பது என்று கேட்டேன் அல்லவா? நான் பார்க்கிறேன். ஊருக்கு வந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு இருந்தது. அது கொஞ்சம் பொறுக்கும். அம்மாவிடம் நானே பேசுகிறேன். அதுவரை பார்சலைக் கட்டிலுக்கு அடியில் வை.

அளவு ஒன்பது. போன லீவில் பார்த்த கால், அதற்குப் பிறகு வளர்ந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. புல்லில் ஓடும்போது கடித்தால் கோவாவில் மாற்றிக்கொள்.

உன் இரண்டு முட்டுக்கும் மாதா துணை இருக்கட்டும்.

அன்பு அப்பா,
நேசையன்