தங்கையின் மெயிலுக்குப் போட்ட பூட்டு

12 அக்டோபர் 1999, செவ்வாய். மயிலாப்பூர்.

தங்கை வசு தன் மெயில் பாஸ்வேர்டைக் கம்ப்யூட்டரிலேயே சேமித்துவிட்டு, அடியோடு மறந்துபோயிருக்கிறாள். நேற்று அவள் மெயிலைத் திறந்து படித்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் பதில் போடாவிட்டால் தன் வீட்டில் பார்த்த பெண்ணுக்குச் சம்மதம் சொல்லிவிடுவதாக அன்வர் என்று ஒருவன் எழுதியிருந்தான். உடனே, சேமித்த பாஸ்வேர்டுகளை எல்லாம் என்கிரிப்ட் செய்து பூட்டினேன். சாவியாக அவன் பெயரையே வைத்தேன்.

இன்று வசு என் பக்கத்தில் உட்கார்ந்து அம்மா பெயர், தெருப் பெயர், கபாலி என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணா போட்டிருக்கே? சொல்லேன்."

"உனக்குப் பிடிச்ச பேர்தான். நீயே கண்டுபிடி."

என்னையே பார்த்தாள். 'A' பொத்தானில் விரலை வைத்தாள், எடுத்துக்கொண்டாள். அவன் பெயரைத் தட்டினால் திறந்துவிடும். என் எதிரில் தட்டமாட்டாள்.

ஞாயிறு வரை ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டேன்.