இருவர் அளவுக்குச் செய்த சைக்கிள்

ஜூன் 8

அன்புள்ள பம்பரத்துக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆனதோ என்று பதறாதே. இங்கே எல்லோரும் அவரவர் இடத்தில் இருக்கிறோம். என் வலது முழங்கால் மட்டும் பேச்சைக் கேட்பதில்லை. நீ சொல்லிக்கொடுத்த பயிற்சியை நிறுத்தியதற்குப் பழி வாங்குகிறது.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே நாம் இருவரும் வக்கீலாகிவிடுகிறோம். அதனால்தான் காகிதம். இதில் ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கே விழ முடியாது.

விஷயம் இதுதான். நேற்று ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோன ஒரு லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. சைக்கிள் கடைக்காரம்மா. "உங்க ரெட்டை சைக்கிள் ரெடி சார். ரெண்டு பேருமா வாங்க, சீட் உயரம் பார்த்துடலாம்" என்றார். கையிலிருந்த ஸ்பேனர் நழுவி அடிக்குழி வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

என் கால் நீளத்துக்கும் உன் கை நீளத்துக்கும் டேப் வைத்து அளவெடுத்தாரே, அதே சைக்கிள்தான். ஒரு வருடத்தில் தருகிறேன் என்றவர் இருபது மாதம் எடுத்துக்கொண்டார். அதற்குள் இங்கே என்னென்னவோ நடந்துவிட்டது, அவருக்கென்ன தெரியும்.

போன அக்டோபரில் நீ பெட்டியோடு கிளம்பியபோது, போகிற வழியில் கடைக்குப் போய் ஆர்டரை கேன்சல் செய்துவிடுகிறேன் என்று சொன்னாய். செய்யவில்லையா? நீ எதையும் மறக்கிற ஆள் இல்லையே.

வேண்டாம் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்ன செய்யட்டும், நீயே சொல்.

உன்
லிஃப்ட்காரன்


ஜூன் 17

லிஃப்ட்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து இன்னும் கோழி கிளறியதுபோலத்தான் இருக்கிறது. "முழங்கால்" என்று எழுதியிருப்பதை முதலில் "முருங்கைக்காய்" என்று படித்துவிட்டு, அது ஏன் பேச்சைக் கேட்க வேண்டும் என்று கொஞ்ச நேரம் குழம்பினேன்.

நான் நன்றாக இருக்கிறேன். புது ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவு முழுவதும் இப்போது என் பொறுப்பு. ஆறு கட்டில், இரண்டு நடைக்கம்பி, சக்கரம் கிரீச்சிடும் நாற்காலிகள் ஏழு. நேற்று ஒரு தபால்காரர், விபத்துக்குப் பிறகு முதல்முறையாக நான்கு அடி தானாக நடந்தார். நடந்துவிட்டு என்னைத் திட்டினார், ரொம்ப வலிக்க வைத்துவிட்டேனாம். அப்படித் திட்டுகிறவர்கள்தான் சீக்கிரம் தேறுவார்கள்.

சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். நம் உயரமுள்ள ஜோடி ஊரில் எங்காவது இருக்காதா என்ன.

முழங்காலுக்கு: சுவரில் முதுகைச் சாய்த்து, பாதி உட்கார்ந்து, இருபது எண்ணுங்கள். காலையில் பத்து தடவை, சாயங்காலம் பத்து தடவை. வேகமாக எண்ணி என்னை ஏமாற்ற வேண்டாம்.

பம்பரம்


ஜூன் 29

அன்புள்ள பம்பரத்துக்கு,

ஒழுங்காகத்தான் எண்ணுகிறேன். முழங்கால் கொஞ்சம் மனது மாறியிருக்கிறது.

கோபப்படாதே, சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஒருமுறை பார்த்துவிட்டு யாருக்காவது கொடுக்கலாம் என்றுதான் கடைக்குப் போனேன். பார்த்தபின் விட்டுவிட்டு வர முடியவில்லை. ஈரமான செங்கல் நிறம். தடித்த டயர், முன்னால் பெரிய ஷாக் அப்சார்பர், கைப்பிடி உனக்குப் பிடித்த அகலத்தில். கடைக்காரம்மா என் பின்னால் எட்டிப் பார்த்து, "மேடம் வரலையா?" என்றார். வெளியூரில் வேலை என்று சொன்னேன். பொய் இல்லையே.

பதினெட்டு வருடமாக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் வீட்டுக்கு வந்த சைக்கிள் லிஃப்டில் நுழையவில்லை. நிமிர்த்தினாலும் இல்லை, சாய்த்தாலும் இல்லை. வாட்ச்மேனும் நானும் நாலு மாடி தூக்கிக்கொண்டு ஏறினோம். ஹாலில் வைத்தால் கதவு திறக்காது. அம்மா அறையில்தான் நீளவாக்கில் இடம் இருந்தது. கட்டிலை எடுத்துவிட்ட இடத்தில் நிற்கிறது.

போன ஞாயிறு அதைத் தனியாக ஓட்டிப் பார்த்தேன். பின்சீட்டில் ஆள் இல்லாமல் வால் இரண்டு பக்கமும் ஆடுகிறது.

நாம் ஒரு ரெட்டை சைக்கிளை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்த நாள் ஞாபகம் இருக்கிறதா? நீர்த்தேக்கத்துக்குப் பின்னால் அந்தக் காட்டுப் பாதை. எந்தக் காலை முதலில் வைப்பது என்று கால் மணி நேரம் சண்டை போட்டோம். இரண்டு முறை புதருக்குள் விழுந்தோம். அப்புறம் அந்த நீண்ட இறக்கம். பின்னாலிருந்து நீ கத்தினாய், பயத்தில் என்று நினைத்துத் திரும்பினால் சிரித்துக்கொண்டிருந்தாய். பின்சீட்டுக்காரருக்கு ஹேண்டில் திரும்பாது, பிரேக் கிடையாது, முன்னால் என் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. அப்படியும் சிரித்தாய். கல்யாணமான ஏழு வருடத்தில் நீ அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. இனி ஒவ்வொரு ஞாயிறும் இதுதான் என்று அங்கேயே முடிவு செய்தோம்.

ஒரே ஒருமுறை, ஒரு ஞாயிறு, வந்து ஓட்டுகிறாயா? அதற்குப் பிறகு நீ சொல்கிறபடி கொடுத்துவிடுகிறேன்.

கேன்சல் விஷயத்துக்கு நீ பதில் எழுதவில்லை. கவனித்தேன்.

உன்
லிஃப்ட்காரன்


ஜூலை 10

அன்புள்ள உங்களுக்கு,

அத்தை அறையில் சைக்கிளை வைத்திருக்கிறேன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை.

சைக்கிளுக்குச் சொல்லிவைத்த அடுத்த மாதமே அத்தைக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஒன்பது மாதம் அந்த அறையில்தான் அவரை நிமிர்த்தினேன், நிறுத்தினேன், நடக்க வைத்தேன். ஆஸ்பத்திரியில் எட்டு மணி நேரம் செய்த வேலையை வீட்டுக்கு வந்து மறுபடி செய்தேன். அதில் எனக்குக் குறையில்லை. அத்தை என்னிடம் அன்பாகத்தான் இருந்தார். ஞாயிறு ஒரு நாள் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும்தான் கேட்டேன். "உனக்குத்தானே இந்தத் தொழில் தெரியும்" என்றீர்கள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை டூட்டி போடுகிறார்கள், என்னால் தட்ட முடியவில்லை என்றீர்கள். நம்பினேன்.

போன வருடம் ஜூன் மாதம் உங்கள் கூட வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் அத்தையைப் பார்க்க வந்தார். காப்பி குடித்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷன்மா. எங்க எல்லாரோட ஞாயித்துக்கிழமை டூட்டியையும் அவரே கேட்டு வாங்கிக்கிறார்" என்றார். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

உங்களிடம் கேட்கவில்லை. அங்கேதான் நானும் தப்பு செய்தேன். அன்றைக்கே சட்டையைப் பிடித்துக் கேட்டிருந்தால் ஒரு வாரம் சண்டை போட்டு முடித்திருப்போம். மனதுக்குள் பூட்டிவைத்துக்கொண்டு, ஆகஸ்டில் அத்தை போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, அக்டோபரில் கிளம்பினேன். உங்கள் அக்கா போன் செய்து, அம்மா கண்ணை மூடும்வரை நல்ல பெயர் வாங்கிவிட்டு இப்போது நழுவிவிட்டாயே என்று கேட்டார். பக்கத்தில் நீங்கள் இருமியது எனக்குக் கேட்டது.

கேன்சல் பற்றிக் கேட்டீர்கள். போனேன். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனேன். கடைக்காரம்மா அன்றுதான் குழாய்களை அறுத்து மேசைமேல் வரிசையாக வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் நம் அளவு எழுதியிருந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எப்ப முடியும்?" என்று வந்தது.

அந்தச் சைக்கிள் வருவதற்குள் என் கோபம் ஆறிவிடும், அதைச் சாக்காக வைத்து நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

வருகிற 27ஆம் தேதி ஞாயிறு வருகிறேன். ஒருமுறை ஓட்டலாம்.

பம்பரம்


ஜூலை 18

அன்புள்ள பம்பரத்துக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

எலக்ட்ரீஷியன் சொன்னது உண்மை. யாரும் எனக்கு டூட்டி போடவில்லை. நான்தான் கேட்டு வாங்கினேன். சில ஞாயிறுகளில் எங்கிருந்தும் அழைப்பு வராது. அப்போதும் வீட்டுக்கு வரமாட்டேன். ஏதாவது ஒரு கட்டடத்தின் மொட்டைமாடி மோட்டார் அறையில் போய் உட்கார்ந்திருப்பேன். லிஃப்ட் ஏறுகிற சத்தத்தையும் இறங்குகிற சத்தத்தையும் கேட்டுக்கொண்டு பொழுதைப் போக்குவேன்.

நீ பிடித்து நிறுத்தும்போது அம்மா என்னைத்தான் பார்ப்பாள். கால் நடுங்கும். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். நான் பார்ப்பதில் அவளுக்கு வெட்கம். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. உன்னால் நிற்க முடிந்தது. அதனால் உனக்கு வலிக்கவில்லை என்று நான் வைத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

அக்கா போனில் பேசியபோது பக்கத்தில்தான் இருந்தேன். இருமல் வந்து இருமவில்லை. ஏதோ சொல்ல வந்தேன், இருமலாக முடிந்துவிட்டது.

27ஆம் தேதி காலை எட்டு மணிக்குப் பேருந்து நிலையத்தில் நிற்கிறேன். உன் பழைய ஷூ இங்கேதான் இருக்கிறது, துடைத்து வைத்திருக்கிறேன்.

உன்
லிஃப்ட்காரன்


ஆகஸ்ட் 6

அன்புள்ள உங்களுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உடனே எழுதாததற்கு வேலை காரணமில்லை.

நன்றாக ஓட்டினீர்கள். முதல் எட்டிலேயே இருவரும் சரியான காலை வைத்தோம். போகும் வழியெல்லாம் "மேடு வருது", "கியர் மாத்தறேன்", "இடது பக்கம் கிளை, குனிஞ்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள். அந்த நீண்ட இறக்கத்தின் தலைப்பில் நிறுத்தி, "இறங்கலாமா, தள்ளிக்கிட்டுப் போலாமா? நீ சொல்லு" என்று கேட்டீர்கள். நான் தள்ளிக்கொண்டு போகலாம் என்றேன். உங்கள் முகம் வாடியது, ஆனாலும் இறங்கித் தள்ளினீர்கள்.

கீழே பாறையில் உட்கார்ந்து நீங்கள் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தபோது, உங்கள் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் பார்க்கிறாய் என்று கேட்டீர்கள். சும்மா என்றேன். சும்மா இல்லை. மடக்கும்போது வலி இல்லை, தொடைத் தசை ஏறியிருக்கிறது, இன்னும் ஒரு மாதத்தில் முழுசாகத் தேறிவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நல்ல மனிதர், சொன்னதைச் செய்கிறார் என்று நினைத்தேன். என் தபால்காரரைப் பற்றியும் அப்படித்தான் நினைப்பேன். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

என் கோபம் ஆறிவிடும் என்று காத்திருந்தேன். ஆறிவிட்டது. போகும்போது மற்றதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பேருந்து கிளம்பும்போது, அடுத்த மாதம் வருகிறாயா என்று கேட்டீர்கள். பார்க்கலாம் என்று மழுப்பினேன். அந்தப் பார்க்கலாமை நம்பி இருக்க வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்களைத் தண்டிக்கிறேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். திரும்பி வர மனதைத் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. எனக்கும் அழுகை வந்தது.

பயிற்சியை விடாதீர்கள்.

பம்பரம்


அக்டோபர் 2

அன்புள்ள பம்பரத்துக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. முதலில் வாதாடலாம் என்று தோன்றியது. எழுதிப் பார்த்தேன். காகிதத்திலும் வக்கீலாகத்தான் தெரிந்தேன். விட்டுவிட்டேன்.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போனேன். பேச்சு உன் பக்கம் திரும்பியதும், வழக்கம்போல அவள் ஆரம்பித்தாள். இந்த முறை இருமவில்லை. "அம்மாவை விட்டு ஓடினது நான்தான்க்கா. அவ இல்ல" என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகள், மோட்டார் அறை, எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. இரண்டு வாரம் என் போனை எடுக்கவில்லை. முந்தாநாள் அவளே கூப்பிட்டு உன் விலாசம் கேட்டாள். கொடுத்திருக்கிறேன். அவள் எழுதினால் பதில் போடுவதும் போடாததும் உன் இஷ்டம்.

இதைச் சொன்னால் நீ வருவாய் என்று கணக்குப் போட்டுச் செய்யவில்லை. அப்போதே சொல்லியிருக்க வேண்டியது. தாமதமாகச் சொன்னேன்.

சைக்கிளுக்கு ஆள் கிடைத்துவிட்டது. கடைக்காரம்மா அனுப்பிய ஒரு ஜோடி. கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், மனைவி பேக்கரி நடத்துகிறார். உயரம் கிட்டத்தட்ட நம்முடையதுதான். சீட்டை மட்டும் அரை அங்குலம் இறக்கிக் கொடுத்தேன். நாலு மாடி மறுபடி தூக்கி இறக்கினோம், இந்த முறை மூன்று பேர் இருந்ததால் சுலபமாக இருந்தது. முழங்காலும் வலிக்கவில்லை.

தெருவில் வைத்து இருவரும் ஏறிப் பார்த்தார்கள். எந்தக் காலை முதலில் வைப்பது என்று அவர்களுக்கும் தகராறு. நான் சொல்லித்தரவில்லை. அந்தம்மா பின்சீட்டில் உட்கார்ந்தபடி, "எத்தனை தடவை ஓட்டியிருப்பீங்க?" என்று கேட்டார்.

"சேர்ந்து ஒரே தடவைதான்" என்றேன்.

"அப்ப புதுசுன்னே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, சந்தோஷமாகக் கணவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். இருவரும் ஆடி ஆடிக் கிளம்பிப் போனார்கள்.

லிஃப்ட்காரன்