அவளுக்கு எப்பத் தெரியும்?

இன்று காலை மகனுடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் தெளித்த காலரில் சூடு பட்டதும் ஒரு வாசனை எழுந்தது. குர்லா கம்பெனியில் நாம் தைத்த ஏற்றுமதிச் சட்டைகளின் வாசனை. உடனே உன் நினைவு வந்துவிட்டது. மகனோ தன் கம்பெனியில் நடக்கப்போகும் பயிற்சியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். கீழே வேலை செய்கிறவர்களை, விடையைச் சொல்லாமல் கேள்வி கேட்டே வளர்க்க வேண்டுமாம். அதைக் கற்றுக்கொடுக்க பெங்களூரிலிருந்து ஆள் வருகிறாராம். சயான் ஸ்டேஷனில் தினமும் என்னோடு ரயிலேறிய உன்னைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவனுக்கு நேரமாகிவிட்டது. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. தாராவியிலிருந்து போன நாம் இருவரும் ஒரே வயது, ஒரே நாளில் லைன் சூப்பர்வைசர் ஆனவர்கள். நீ மேலப்பாளையத்துக்காரி, நான் தென்காசிப் பக்கம். என்னைக் கிண்டல் செய்யாமல் உனக்கு டீ தொண்டையில் இறங்காது. உன் லைனில் யாருக்காவது தையல் கோணிவிட்டால் நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நிற்பாய். எங்கே தப்பு என்று அவளே கண்டுபிடிக்கிற வரைக்கும் நகரமாட்டாய். பார்க்கிற எனக்கு எரிச்சலாக வரும். பிரித்துத் தைத்தால் இரண்டு நிமிஷ வேலை. என் கை வேகத்தில் எனக்கு அவ்வளவு கர்வம்.

என் லைனில் காலர் தைக்க முருகம்மா வந்தாள். மில் வேலைநிறுத்தத்தில் அவள் புருஷன் வீட்டோடு கிடந்த சமயம். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அவள் தைத்த காலரில் ஒரு முனை நீளும், ஒரு முனை குறையும். செக்கர் திருப்பி அனுப்பும் பீஸை நாம் ஆல்டர் என்போம் இல்லையா, அது முதலில் சூப்பர்வைசர் கைக்குத்தானே வரும். அவளுடைய ஆல்டர்களை நான் அவளிடம் காட்டவே இல்லை. சாப்பாட்டு இடைவேளையில் கடைசி மெஷினில் உட்கார்ந்து நானே பிரித்துத் தைத்து அனுப்பிவிடுவேன். பாவம், அவளை ஏன் நோகடிக்க வேண்டும் என்று நினைத்தேன். இப்படி ஐந்து மாதம்.

பிறகு எனக்கு மஞ்சள் காமாலை வந்து இரண்டு வாரம் படுத்துவிட்டேன். திரும்பிப் போனபோது மேஜையில் மலைபோல ஆல்டர். அதற்கு முந்தின நாள்தான், நமக்கு மேலே இருந்த மாஸ்டர் எல்லார் முன்னாலும் அவளைத் திட்டியிருந்தார். சனிக்கிழமையோடு நிறுத்திவிடலாமா என்று என்னைக் கேட்டார். அவளுக்கு வேலை வரவில்லை என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்று சாயங்காலம் குர்லா ஸ்டேஷன் பாலத்தில், இடிக்கிற கூட்டத்துக்கு நடுவில், நீ நின்றுவிட்டாய்.

“ஏளா பாக்கியம், அவளுக்கு வரலன்னு உனக்கு எப்பத் தெரியும்?”

“மொத வாரத்துலயே தெரியும்.”

“அவளுக்கு எப்பத் தெரியும்?”

நேற்றுத்தான். மாஸ்டர் கத்தியபோதுதான். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ கூட்டத்தோடு நடக்கத் தொடங்கிவிட்டாய். ரயிலில் உன் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

மறுநாள் மாஸ்டரிடம் பத்து நாள் கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். முருகம்மா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன், துணியைத் தொடவில்லை. காலரை இரண்டாக மடித்து முனைகளைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னதோடு சரி. மூன்றாம் நாள் அழுதாள். எனக்குக் கை பரபரத்தது. ஆறாம் நாள் அவளே சொன்னாள், முனையில் திருப்பும்போது ஊசியைத் துணியில் இறக்காமலே இழுத்துவிடுகிறாள் என்று. ஒன்பதாம் நாள் அவள் பீஸ் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அவள் வேலை தப்பியது.

அதற்கப்புறம்தான் நீ அந்தப் பத்து நிமிஷத்தை ஆரம்பித்தாய். காலையில் மணி அடிக்கும் முன் இரண்டு லைனும் தரையில் உட்கார்ந்து, நேற்று எங்கே கை தவறியது என்று ஒவ்வொருத்தியும் சொல்ல வேண்டும். யாரும் சிரிக்கக்கூடாது, சூப்பர்வைசர்தான் முதலில் சொல்ல வேண்டும். பஜனை தொடங்கியாச்சா என்று மாஸ்டர் கேலி செய்தார். ஆல்டர் குறையக் குறைய அவரும் ஓரமாக வந்து நிற்க ஆரம்பித்தார். நீ உன் தப்பை ஒளிக்காமல் சொன்னாய். நான் நூல் மாற்ற மறந்தது, கட்டு எண் மாறியது என்று சில்லறைத் தப்புகளாகப் பொறுக்கிச் சொன்னேன். பெரியதைச் சொல்லவே இல்லை. முருகம்மா வேறு, பாக்கியம் அக்கா இல்லாவிட்டால் என் வேலை போயிருக்கும் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒருநாள் நானே உன்னிடம் கேட்டேன், நான் ஒளித்துத் தைத்ததை நீயாவது அவளிடம் சொல்லிவிடேன் என்று. நீ டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாய்.

“அது உன் பீஸுளா. நான் தொடமாட்டேன்.”

எத்தனை வருஷம் போயிற்று. கம்பெனி மூடியது, நான் செம்பூருக்கு வந்தேன், நீ கல்யாணில் மகள் வீட்டுக்குப் போனாய். நாம் பார்த்துக்கொண்ட போதெல்லாம் நீ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. போன மாதம் உன் உடலை எடுத்துக்கொண்டு போன பிறகு, பெண்கள் உட்கார்ந்திருந்த அறையில் முருகம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உல்லாஸ்நகரில் ஒரு தையல் யூனிட்டை இருபது வருஷம் பார்த்துக்கொண்டவள், தலை முழுக்க நரை. அழுகையோடு அழுகையாக அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒளித்துத் தைத்தது, அவளுக்கு வராது என்று மாஸ்டரிடம் சொன்னது, எல்லாம்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்குக் காலர் வந்த அன்னைக்கே தெரிஞ்சு போச்சுக்கா. அதுக்கு முந்தி பாஸானதெல்லாம் யாரு தச்சதுன்னு யோசிக்கமாட்டனா? நீங்களே சொல்லட்டும்னுதான் இருந்தேன்.”

நீங்கள் இரண்டு பேருமே எனக்காகக் காத்திருந்திருக்கிறீர்கள். அவளிடம் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேன் என்று உன்னிடம் சொல்லத்தான் ஒரு மாதம் பிந்திவிட்டது.