என் குடையில் விழுந்த பூச்சிகள்

ஐப்பசி, செவ்வாய் இரவு. மழை.

நுவரெலியா விஞ்ஞானக் கண்காட்சிக்கு எங்கள் பாடசாலையிலிருந்து பூச்சி பிடிக்கும் கருவி ஒன்றுதான் போகலாம். செலவில்லாமல் கையால் செய்ததாக இருக்க வேண்டும். பழைய கொசுவலையைக் கம்பி வளையத்தில் தைத்து, விளக்குமாற்றுக் கட்டையில் பூட்டினேன். ஒரு வாரம் பிடித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சிவநேசன் மாஸ்டர் ஒன்றுமே செய்யவில்லை. காலையில் வந்து, "உங்கட குடையை ஒருக்காத் தாறீங்களோ, மாஸ்டர்?" என்றார். மழைக்குத்தான் என்று நினைத்துக் கொடுத்தேன்.

பிறகு பாடசாலை அதிபர் முன்னால் கருவிகளுக்குப் பரீட்சை. கவ்வாத்து வெட்டிக் கிளை கழித்த மலையில் தேயிலைக் கட்டைகள் ஈட்டிபோல் நிற்கும். தெரிந்தும், எல்லோரும் பார்க்க வசதியான இடம் என்று அங்கேயே வீசினேன். முதல் வீச்சில் வலை கிழிந்தது. கிழிசல் வழியே ஒரு வெட்டுக்கிளி வெளியேறியது. அது அவசரப்படவில்லை.

சிவநேசன் வெட்டாத செடி ஒன்றின் அடியில் என் குடையைத் தலைகீழாக விரித்து, உள்ளே வெள்ளைத் துணி போட்டார். கிளையை ஒரு தட்டுத் தட்டினார். வண்டும் சிலந்தியும் பொலபொலவென்று உதிர்ந்தன. ஆள் கெட்டிக்காரர் என்பதில் சந்தேகமில்லை; அதுதான் தொல்லை.

"சிவநேசன் சேரோட குடை அருமைங்க. அதையே அனுப்புவோம்" என்றார் அதிபர்.

சிவநேசன் திருத்தவில்லை. நான் பெருந்தன்மையாகக் கைதட்டினேன்.

நனைந்துகொண்டு வீடு வந்தேன்.

"குடை எங்கங்க?" என்றாள் மனைவி.

"நுவரெலியா போகுது."

"அப்ப நீங்க?"

தலை துவட்டத் துண்டு கேட்டேன்.