பயமில்லை என்று எழுதிய தாள்

செவ்வாய், இரவு

மகள் மீனு இன்று பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். கரமனை ஆற்று வெள்ளம் வீடுகளுக்குள் வந்த பிறகு, பிள்ளைகள் மனம் தேறுவதற்கென்று ஒரு வகுப்பு நடத்துகிறார்கள். அதில் எழுதியதாம். 'இப்போது எனக்குப் பயமில்லை' என்று மலையாளத்தில் குண்டு குண்டாக எழுதியிருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு நட்சத்திரம்.

"நெசமாவே பயமில்லையாடீ?" என்று கேட்டேன்.

"டீச்சர் போர்டுல எழுதிப் போட்டாங்கம்மா. எல்லாரும் பாத்து எழுதினோம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடனே டீச்சருக்குப் போன் போட்டேன்.

"ஐயோ சேச்சி, ஆபீஸ்ல பேப்பர் கொடுக்கணுமல்லே? சும்மா விட்டா பிள்ளைங்க ஒண்ணும் எழுதாது" என்றாள், தனக்குத் தெரிந்த தமிழில். பயமில்லை என்பதைக்கூடவா காப்பி அடிக்க வைப்பார்கள்?

சாயங்காலம் தூறல் விழுந்தது. மீனு வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஸ்கூல் பையைப் பீரோ மேல் வைத்தாள். ஒவ்வொரு மழைக்கும் இதே வேலைதான். டீச்சர் மேலிருந்த கோபமெல்லாம் இவள் மேல் பாய்ந்தது.

"வெறும் தூறல்டீ இது! ஆறு ஒண்ணும் வராது. பைய எறக்கு!" என்று கத்தினேன்.

அவள் அழவில்லை. நாற்காலியில் நின்றபடியே பீரோ மேல் எட்டிப் பார்த்தாள்.

"அப்போ இந்த ரேஷன் கார்டு கவரையும் எறக்கிரட்டுமாம்மா?"

அதை வைத்தது நான்தான். காலையில், வானம் கறுத்ததுமே.

இன்னும் தூறிக்கொண்டுதான் இருக்கிறது. பையும் கவரும் மேலேயே இருக்கின்றன.