ஓடாத வண்டியின் புகை

அக்கா,

கைப்பையைக் கவிழ்த்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். மருந்துச் சீட்டு, பல் உடைந்த சீப்பு, பஸ் டிக்கெட் எல்லாவற்றுக்கும் அடியில் நான்காக மடித்த வெள்ளைத் துணி ஒன்று கிடந்தது. பழைய வேட்டியில் கிழித்தது. பிரித்தால் ஒரு மூலையில் வட்டமாகக் கரி. மூக்கருகே கொண்டுபோனேன், புகைக்குழாய் வாடை. பழைய வண்டி பார்க்கப் போகிறவள் பையில் வெள்ளைத் துணி இருக்க வேண்டும் என்பது நீங்கள் போட்ட சட்டம்தானே. துணியைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்குப் பழைய ஸ்கூட்டர் பார்க்க மந்தாரக்குப்பம் போனோமே, அன்று நான் பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமில்லை. விற்கிறவர் சிரித்த முகமாகச் சாவியை நீட்டுகிறார். நீங்கள் சாவியைத் தொடாமல் குனிந்து என்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தீர்கள். "ஏட்டி, சூடா இருக்கு. நாம வாரதுக்கு முந்தியே ஓட்டி வச்சிருக்காரு. ஆறிக் கெடக்கும்போது தட்டுனாத்தான் புகை தெரியும்" என்று அவர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னீர்கள். அப்புறம் பையிலிருந்து துணியை எடுத்து, விரலில் சுற்றி, புகைக்குழாய்க்குள் விட்டுத் துழாவி எடுத்து அவர் முகத்துக்கு நேரே காட்டினீர்கள். அவர் சிரிப்பு எங்கே போனதோ தெரியவில்லை. நாம் டவுன் பஸ்ஸில் திரும்பி வந்தோம். வழியெல்லாம் உங்களுக்கு ஒரே குஷி.

உங்கள் சந்தேகத்துக்கு ஆள், பொருள் வித்தியாசம் கிடையாது. ஜவுளிக்கடையில் சேலையைத் தெருவுக்குத் தூக்கிவந்து வெயிலில் நிறம் பார்ப்பீர்கள். பண்ருட்டி ரோட்டில் பலாப்பழக்காரர் மேலாக எடுத்துக் கொடுத்த சுளையை வேண்டாமென்று தள்ளிவிட்டு அடிச்சுளையைக் கேட்பீர்கள். நான் கல்யாணமாகி இந்தச் சுரங்க டவுன்ஷிப்பில் உங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது என் வீட்டுக்காரரையே ரொம்ப நாள் ஓரக்கண்ணால்தான் பார்த்தீர்கள். சிரித்துப் பேசுகிற ஆம்பளை எதையோ மறைக்கிறவனாம். கடைசியில் அவரைத் தம்பி என்று நீங்கள் கூப்பிட்டபோது அவருக்கு உத்தியோக உயர்வு கிடைத்த மாதிரி இருந்தது.

அந்தச் சிரித்துப் பேசுகிற மனிதர் இப்போது கோணிய வாயால் நாலு வார்த்தை பேசுகிறார். நீங்கள் கண்ணை மூடிய பிறகு வந்த பக்கவாதம், இடது பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. கையைப் பிடித்துக்கொண்டால் சில எட்டு வைப்பார். பயிற்சியை விட்டால் அதுவும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்த நேரம் பார்த்து எனக்கு ரிட்டயர்மென்ட் வருகிறது. குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். டெல்லியில் இருக்கும் சுதா, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்கிறாள். நீங்கள் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்த அதே சுதாதான். அங்கே வாடகைக் கார்க்காரர்கள் சக்கர நாற்காலியைக் கண்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறார்களாம். எப்படியும் சொந்தமாக ஒரு வேன் வேண்டும். புதிது வாங்க நமக்கு முடியாது.

டெல்லிக்கென்று புகைச் சட்டம் இருக்கிறது. பழைய டீசல் வண்டிக்கு அங்கே ஆயுசு பத்து வருஷம்தான். அது போக, மூச்சுவிட முடியாதபடி புகைமூட்டம் கவிகிற நாள்களில் பழைய தரத்து வண்டிகளை ரோட்டில் இறங்கவே விடமாட்டார்கள். அதனால் பி.எஸ். ஆறு என்கிற புதுத் தரத்து வண்டியாகப் பார் என்று சுதா படித்துப் படித்துச் சொன்னாள். சட்டத்துக்கு ஒத்துவராத வண்டியை வாங்கிவிட்டால், புகை கூடுகிற நாளிலெல்லாம் இவர் கட்டிலில் கிடக்க வேண்டியதுதான். டெல்லியிலேயே வாங்கலாமே என்றும் கேட்டாள். ஊர் பேர் தெரியாதவனிடம் வாங்கவா என்று நான் சண்டைக்குப் போனேன். இங்கே வாங்கி லாரியில் ஏற்றி அனுப்பிவிடலாம் என்றேன். உங்கள் கூடப் பழகியதற்கு இது கூட இல்லாவிட்டால் எப்படி?

முதலில் மந்தாரக்குப்பத்துப் புரோக்கர் ஒருவர் வேன் ஒன்றைக் காட்டினார். பெட்ரோல், தள்ளித் திறக்கிற கதவு, புதுத் தரம், எல்லாம் சரி. ஆனால் ஏகப்பட்ட தூரம் ஓடியிருந்தது. நெல்லிக்குப்பத்துக் குடும்பம் ஒன்று மாதம் தவறாமல் மதுரைக்கும் சென்னைக்கும் ஓட்டிய வண்டியாம். டயருக்கெல்லாம் கறுப்புப் பாலிஷ் அடித்துப் பளபளவென்று வைத்திருந்தார். என்ஜின் மூடிமேல் கை வைத்தேன், சுட்டது. புகைக்குழாய்க்குள் துணியை விட்டு எடுத்தேன், கரி. "இப்பதாங்க நெல்லிக்குப்பத்துலருந்து ஓட்டிக்கினு வந்தேன், அதான் சுடுது" என்றார். கேட்பதற்கு முன்பே பதில் சொல்கிறாரே என்று எனக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. அப்புறம் வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். உங்கள் பெயரைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடுதான் வீடு வந்தேன்.

அடுத்து வந்தது டவுன்ஷிப் வண்டி. இந்த இரண்டு சொல்லுக்கு நம் ஊரில் உள்ள மரியாதை உங்களுக்குத் தெரியும். பெர்மனென்ட் வேலைக்காரர், ஒரே ஓனர், வேப்பமர நிழல், மேலே உறை, குவார்ட்டர்ஸிலிருந்து சுரங்க வாசல், அங்கிருந்து மார்க்கெட், வெள்ளிக்கிழமை கோயில். வண்டி ஓடவே இல்லை என்பதுதான் இங்கே விற்கிறவருடைய பெருமை, வாங்குகிறவருடைய யோகம். பக்கத்து வட்டத்துக் குவார்ட்டர்ஸில் ஒரு கோயம்புத்தூர்க்காரர், ரிட்டயராகப் போகிற சூப்பரின்டென்டென்ட். கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஓட்ட முடியவில்லை என்று தன் டீசல் வேனைக் கொடுக்க நினைத்தார். பி.எஸ். ஆறுதான். "மக மாதிரி வச்சிருக்கறனுங்க. மூணாவது கியருக்கு மேல போட்டதே இல்லீங்க" என்றார்.

மூடிமேல் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பச் சொன்னேன், ஒரு பொட்டுப் புகை இல்லை. துணியின் மறு மூலையைக் குழாய்க்குள் விட்டேன். வெள்ளையாகப் போனது வெள்ளையாகவே வந்தது. இவ்வளவு சுத்தமான டீசல் வண்டியை நான் பார்த்ததில்லை. நாளைக்கு வந்து பேசி முடித்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து இவரிடம் சொன்னேன். இவரும் வலது கையால் என் முழங்கையைத் தட்டி, டவுன்ஷிப் வண்டியா, வாங்கு என்றார்.

அன்று அடுப்படியில் நிற்கும்போதுதான் உங்களுடைய அந்தச் சண்டை ஞாபகம் வந்தது. உங்கள் வீட்டு மாமா இறந்து அவர் வேலை உங்களுக்கு வந்து, சுரங்கத்தில் நிலக்கரி ஓடுகிற கன்வேயர் பெல்ட்டின் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருந்த காலம். ஷிப்ட் மாறும்போது முந்தைய ஷிப்ட் ஆள் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுக் கிளம்ப, நீங்கள் அவரை விடவில்லை. பெல்ட் நெடுகக் கூடவே நடந்து வந்து காட்டச் சொன்னீர்கள். அவர் மாமாவின் சிநேகிதர். சாவின்போது பாடையில் ஒரு பக்கம் தோள் கொடுத்தவர். மனம் கசந்து, என்னையே சந்தேகப்படுகிறாளே என்று வட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். நானும் அவருக்குப் பரிந்துகொண்டு உங்களிடம் சண்டைக்கு வந்தேன். நீங்கள் முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே சொன்னீர்கள்:

"அவரு பொய் சொல்லுதாருன்னு நான் சொல்லலட்டி. அவரு கண்ணால பாத்தத சரியாத்தான் சொன்னாரு. பாக்காதத எப்படிச் சொல்லுவாரு?"

அன்றைக்கு இது வெறும் வீம்பாகத்தான் எனக்குப் பட்டது. இப்போது சூப்பரின்டென்டென்ட் சொன்னதையெல்லாம் மறுபடி நினைத்துப் பார்த்தேன். மூணாவது கியருக்கு மேல் போட்டதில்லை என்றார். அப்படியானால் நாலாவது கியரில் அந்த வண்டி என்ன செய்யும் என்று அவருக்கே தெரியாது. டெல்லியில் நான்தான் ஓட்டப் போகிறேன். இவர் விழுந்த பிறகு அதற்காகத்தானே கார் பழகி லைசென்ஸ் எடுத்தேன்.

மறுநாள் போய், பண்ருட்டி ரோட்டில் கொஞ்சதூரம் வேகமாக ஓட்டிப் பார்க்கட்டுமா சார் என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது. நம்ம டவுன்ஷிப்புக்குள்ளயே இப்படிக் கேட்டா எப்படீங்க என்றார். ஆனாலும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். முத்தாண்டிக்குப்பம் தாண்டி, முந்திரித் தோப்பு ஓரமாக ரோடு காலியாகக் கிடக்க, நாலாவது கியரைப் போட்டு மிதித்தேன். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போனது. பிறகு ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. நான் மிதிக்க மிதிக்க வண்டி இழுக்காமல் கட்டை வண்டி மாதிரி நகர்ந்தது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனார்.

"இது அப்பப்ப எரியுமுங்க. நாலு நாள் போனா அதுவே அணைஞ்சு போயிருமுங்க" என்றார் சூப்பரின்டென்டென்ட். முகத்தில் கள்ளமே இல்லை. அதுதான் எனக்குப் பெரிய திகிலாக இருந்தது.

சுதாவுக்குப் போன் போட்டு, விளக்கைப் படம் பிடித்தும் அனுப்பினேன். அவளுக்கு விளக்கின் படத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அவள் ஆபீஸில் ஒருவர் இதே பாடு பட்டிருக்கிறாராம். புது டீசல் வண்டிகளில் கரியைப் பிடித்து வைக்க வடிகட்டி ஒன்று இருக்கிறது. வண்டி நெடுந்தூரம் வேகமாக ஓடிக் குழாய் நன்றாகச் சூடேறினால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் மட்டும் போகிற வண்டியில் கரி சேர்ந்து சேர்ந்து வடிகட்டி அடைத்துவிடும். குழாய் வாய் மட்டும் வெள்ளைவெளேர் என்று இருக்கும், ஏனென்றால் கரியெல்லாம் உள்ளே. மாற்றுவதென்றால் கொள்ளைச் செலவு. சிலர் அதை வெட்டி எடுத்துவிடுவார்களாம், அப்படி எடுத்தால் டெல்லியில் புகைச் சோதனையில் தேறாது. கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும்.

பாருங்கள் அக்கா, உங்கள் உள்ளங்கைச் சோதனையிலும் துணிச் சோதனையிலும் அந்த வண்டி முதல் மார்க் வாங்கியிருந்தது. நீங்கள் இருந்திருந்தால் நீங்களும் ஏமாந்திருப்பீர்கள். ஒரு முறையாவது உங்களை ஏமாந்த முகத்தோடு பார்த்திருக்கலாம் என்று எனக்கு அற்ப ஆசை. வண்டியை விட்டுவிட்டு வரும்போது, ஏமாத்துனேன்னு நெனச்சீங்களா என்று சூப்பரின்டென்டென்ட் கேட்டார். இல்லவே இல்லை சார் என்றேன். அவரிடம் உண்மையைத்தான் சொன்னேன்.

பிறகு கூச்சத்தை விட்டு, நெடுந்தூரம் ஓடிய அந்தப் பெட்ரோல் வேனைக் காட்டிய புரோக்கருக்குப் போன் போட்டேன். விடிந்ததும் வருகிறேன், நான் வரும்வரை சாவியைத் தொடக் கூடாது என்றேன். "வாங்க, ரத்த டெஸ்ட்டுக்குப் போற மாதிரி நானும் டீ குடிக்காம வூட்ல ஒக்காந்துகினு இருக்கேன்" என்றார். காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதுமுன்பே போய் நின்றேன். மூடி சில்லென்று இருந்தது. அவர் சாவியைத் திருப்பியதும் சாதாரணமாகக் கிளம்பியது. பண்ருட்டி வரை ஓட்டினேன், எந்த விளக்கும் எரியவில்லை. துணியில் படிந்த கரியைச் சுதாவிடம் சொன்னபோது, பெட்ரோல் வண்டிக் குழாயில் அந்த அளவு கரி சகஜம், புகையை அளந்தால் தெரிந்துவிடும் என்றாள்.

அளக்கிற இடத்திலும் ஒரு கூத்து. புகைச் சோதனைக்காரர் நம்பர் பிளேட்டைப் படம் பிடித்தார், சீட்டை அச்சடிக்கப் போனார். அளக்கிற குழாயை வண்டியில் சொருகவில்லையே என்றேன். சர்டிபிகேட் வேணுமா, டெஸ்ட் வேணுமா என்று கேட்டார். இரண்டும் என்றேன். புரோக்கர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சொருகி அளந்ததை நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன். வண்டி தேறியது, வாங்கிவிட்டேன்.

ஒன்று மட்டும் உங்களிடம் கேட்க வேண்டும். அத்தனை பேரையும் சந்தேகப்பட்ட நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, ஒண்ணுமில்லட்டி, கேஸ் டிரபிளுதான், நீ போயி சமையலைப் பாரு என்றீர்களே. பார்க்காததைத்தான் சொல்ல முடியாது. நீங்கள் பார்த்தீர்கள், உணர்ந்தீர்கள், தெரிந்தே மறைத்தீர்கள். டாக்டரிடம் போய்விட்டு வந்ததைக்கூடச் சொல்லவில்லை. உலகத்தில் நீங்கள் ஏமாற்றிய ஒரே ஆள் நான்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. நீங்கள் இல்லாத இந்த வட்டத்தை விட்டுப் போகவும் மனமில்லை.

நேற்று இவரை முதல்முறையாக வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். சக்கர நாற்காலியைக் கதவோடு ஒட்டி நிறுத்தி, இடுப்பைப் பிடித்து நகர்த்தி, சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டினேன். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. சரியா உட்காந்துட்டீங்களா, கதவை மூடட்டுமா என்று கேட்டேன். "நல்லா உக்காந்துட்டேன். மூடு" என்றார். ரொம்ப நாளைக்கப்புறம் வெளியே போகிற சந்தோஷம், கோணிய வாயிலும் சிரிப்பு.

கைப்பிடியைப் பிடித்து இழுக்கப் போனவள், நின்று, குனிந்து பார்த்தேன். உணர்ச்சியற்ற அவருடைய இடது கை மடியிலிருந்து நழுவி, கதவு ஓடுகிற இரும்புத் தண்டவாளத்தின் மேல் விரித்த விரல்களோடு கிடந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. கையை எடுத்து அவர் மடியில் வைத்து, அதன் மேல் அவருடைய வலது கையையும் எடுத்து வைத்துவிட்டு, கதவைச் சாத்தினேன்.