பாக்கலாம் என்று சொல்லக் கூடாது

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். வீட்டில் இருவரும் சுகம், நீயும் சுகமாக இருக்க வேண்டும், ஆனால் சாவகாசமாக நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் சொன்னால் 'சரிம்மா சரிம்மா' என்று வைத்துவிடுவாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு மாடிப்படி ஏறாமலே ஒன்றரை வருஷம் ஓட்டிவிட்டேன் என்று எனக்குப் போனிலேயே பயிற்சி சொல்ல ஒரு கோச்சை ஏற்பாடு செய்தாயே, அந்தப் பெண் மூன்று மாதமாகப் புதன்கிழமை தவறாமல் நாலு மணிக்குக் கூப்பிடுகிறாள். இருபத்திரண்டு படியும் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறி உன் அறைக்குப் போக வேண்டும் என்பது இலக்கு. அதை வைத்தது நானில்லை, நீ. 'நீ மேல ஏறி என் ரூமைத் திறம்மா, அடுத்த மாசமே வந்து நிக்கறேன்' என்றாய், ஞாபகம் இருக்கிறதா? முதல் வாரம் அவள், இந்த வாரம் எத்தனை படி என்று கேட்டாள். 'பாக்கலாம்மா' என்றேன். அந்த வார்த்தையை இனிமேல் சொல்லக் கூடாது என்றுவிட்டாள். எந்தக் கிழமை, எத்தனை மணி, எத்தனை படி, வேறு எதையும் காதில் வாங்க மாட்டாளாம். உன் வயதுகூட இருக்காது. முப்பது வருஷம் பள்ளிக்கூட ஆபீஸில் வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு லேட்டாக வந்த வாத்தியார்களையெல்லாம் நிற்க வைத்துக் கேள்வி கேட்டவள் நான், என்னிடமே ஒருத்தி ஆஜர் எடுக்கிறாள் என்று எரிச்சலாக வந்தது.

ஐந்தாவது வாரம் ஒரு படிகூட ஏறாமல் பதினொன்று ஏறினேன் என்று புளுகினேன். 'நடுப்படி ஜன்னல்லேருந்து என்ன தெரியுதும்மா' என்று கேட்டாள். பக்கத்து வீட்டு மாடியில் துணி காய்கிறது என்றேன். இங்கே அப்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது, தகரக் கூரையில் விழுகிற சத்தம் போனிலேயே அவளுக்குக் கேட்டிருக்கிறது. 'சரி, அடுத்த புதன் என்ன பாக்கப் போறீங்க' என்று மட்டும் கேட்டாள். உன் அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மானம் போய்விட்டது. மறுநாள் காலையிலேயே முதல் படியில் காலை வைத்தேன். நடம்மா, ஏறும்மா என்று நீங்கள் எல்லோரும் உபதேசம் செய்தீர்கள், ஒருத்தரும் மறுவாரம் திரும்பக் கேட்கவில்லை. அவள் கேட்டாள். அவ்வளவுதான் விஷயம்.

போன வியாழக்கிழமை ஏறிவிட்டேன். இருபத்திரண்டும். கைப்பிடியைத் தொடவில்லை, அப்பா சாட்சி. உன் அறையைத் திறந்தால் கட்டில் முழுக்கப் பழைய பேப்பரை அடுக்கி வைத்திருக்கிறார் மனுஷர். கேட்டால், 'அவன் எங்க வரப் போறான்' என்கிறார். முட்டியைவிட அதுதான் வலித்தது. அத்தனையையும் கீழே இறக்க வைத்து, மெத்தையை வெயிலில் போட்டு, உறை மாற்றிவிட்டுத்தான் உனக்குப் போன் செய்தேன். 'சூப்பர்ம்மா' என்றாய். எப்போதுடா வருகிறாய் என்றேன். 'பாக்கலாம்மா' என்றாய். நாலு வருஷமாக அதே பதில். எனக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது, போனை வைத்துவிட்டு உன் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த 'பாக்கலாம்' என்னிடமிருந்துதான் உனக்கு ஒட்டியிருக்கும், மறுக்கவில்லை. அதனால் நேற்று அந்தப் பெண்ணிடம் பேசி, நீ பணம் கட்டியதில் எனக்கு மீதி இருக்கும் மூன்று வாரத்தையும் உன் பெயருக்கு மாற்றிவிட்டேன். ஆள் ஒத்துக்கொண்டால்தான் என்றாள். 'என் பிள்ளைதானே, நான் சொன்னா ஒத்துக்குவான்' என்று சொல்லியிருக்கிறேன், என் வாயைப் பொய்யாக்கிவிடாதே. கடிதம் வந்து சேரட்டும் என்று இரண்டு வாரம் விட்டு, புதன்கிழமை கூப்பிடுவாள். அங்கே அப்போது மணி என்ன என்பதையும் அவளே பார்த்து வைத்துவிட்டாள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வந்து இறங்குகிறாய் என்று கேட்பாள். புளுகாதே, கண்டுபிடித்துவிடுவாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், கோபத்திலும் அதைத்தான் நினைக்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே, தேதி முடிவானதும் முதலில் அப்பாவிடம் சொல். நேற்று மேலே போனபோது பார்த்தேன், உன் கட்டிலின் ஓரத்தில் மறுபடியும் இரண்டு பேப்பர் இருக்கிறது.

இப்படிக்கு,
இருபத்திரண்டு படி ஏறிய
உன் அம்மா